பால்குடத்துக்கு இரண்டு கை

நெஞ்சு வலித்தால் இருளாண்டி முதலில் தேடுவது பாத்ரூம் கதவைத்தான். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்காருவார். கைலி மடிப்பிலிருந்து சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வார். நாக்கு சுள்ளென்று எரியும், தலை விண்விண்ணென்று தெறிக்கும், பிறகு நெஞ்சில் ஏறி உட்கார்ந்த பாரம் கொஞ்சங்கொஞ்சமாக இறங்கும். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, "வயிறு சரியில்ல" என்பார். மனைவி பாக்கியம் ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுப்பாள். இப்படி ஒரு வருஷமாக நெஞ்சுவலிக்கு ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

கட்டின பெண்டாட்டியிடம் சொல்ல என்ன தடை? தடை மாரியம்மன்தான்.

போன வருஷம் கோலாலம்பூரில் அவர் நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்தார்கள். பாக்கியம் வெளியே நின்று, ஜாசின் பக்கம் தாங்கள் வேலை செய்த தோட்டத்து அம்மனை வேண்டிக்கொண்டாள். புருஷன் பிழைத்து எழுந்தால் அடுத்த திருவிழாவில் தன் காலால் நடந்து பால்குடம் எடுப்பார் என்பது நேர்ச்சை. பிழைத்துவிட்டார். அன்றிலிருந்து அவர்கள் குடியிருக்கும் தாமான் வீடுகளில் பாக்கியத்துக்கு மவுசு கூடிப்போனது. யார் வீட்டில் நோய் என்றாலும் அவளிடம் வந்து என்ன வேண்டினாய், எப்படி வேண்டினாய் என்று கேட்டார்கள். அவள் இருளாண்டியைக் கூப்பிட்டுச் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்லித் தழும்பைக் காட்டுவாள். "பாத்துக்க. ஆத்தா குடுத்த புது இஞ்சின் லா" என்பாள். தோட்டத்து லோரி ஓட்டியே காலம் கழித்த இருளாண்டிக்கு இஞ்சினைப் பற்றித் தெரியும். பொத்தானை மறுபடி போட்டுக்கொள்வார்.

தழும்பு ஆறுவதற்குள்ளேயே வலி திரும்பி வந்துவிட்டது. வெயிலில் நடந்தால் வரும், மேடு ஏறினால் வரும், கோபப்பட்டால் வரும், வயிறு முட்டச் சாப்பிட்டாலும் வரும். பெரிய குழாய்களைச் சரிசெய்தாயிற்று, முடிபோல இருக்கிற சின்னக் குழாய்களை ஒன்றும் செய்ய முடியாது என்றார் டாக்டர். பிரஷரும் இறங்க மாட்டேன் என்கிறது, பாரம் தூக்காதே, மாத்திரையைக் கூடவே வைத்துக்கொள் என்றார். பாக்கியம் டாக்டர் அறைக்குள் வருவதேயில்லை. கேட்கக் கூடாததைக் கேட்டுவிடுவோமோ என்று பயம். வெளி நாற்காலியில் குங்குமப் பொட்டலத்தைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அன்று வெளியே வந்த இருளாண்டி அந்த முகத்தைப் பார்த்தார்.

"என்னா சொன்னாங்க?"

"எல்லாம் ஓகேயாம். ஆத்தா புண்ணியம்."

வாயிலிருந்து விழுந்தது விழுந்ததுதான். அதன்பிறகு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பிழைப்பாகிவிட்டது. மகன் நிவேந்திரன் வாங்கி அனுப்பிய பிரஷர் மெஷினில் எண் எகிறினால், "மெஷின் கோளாறு" என்று மூடிவைத்துவிடுவார். மகன் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டால் "ஓகே லா". காப்பிக் கடையில் கூட்டாளிகள் கேட்டாலும் "ஓகே லா". தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவருக்குத் தெரிந்ததைச் சொல்லவும் வழியில்லாமல் போயிற்று. வீட்டில் ஆள் இருந்தும் பேச்சுக்கு ஆள் இல்லாத தனிமை அது. சில நாள் குழாய்ச் சத்தத்துக்குள் அவர் அழுததும் உண்டு.

திருவிழா நெருங்கியபோது ஒரே ஒருமுறை முயன்று பார்த்தார்.

"பாக்கியம், இந்த வருஷம் குடத்த நீயே எடுத்தா என்னா?"

கழுவிக்கொண்டிருந்த அரிசியில் அவள் கை அப்படியே நின்றது. "ஏங்க? ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா?"

"இல்ல லா. சும்மா கேட்டேன்."

திருவிழா அன்று பெரிய சாலைப் பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் கிளம்பியது. இரு பக்கமும் செம்பனை மரங்கள், நடுவில் மேட்டில் ஏறும் தார்ச் சாலை, உச்சியில் அம்மன். மஞ்சள் வேட்டியோடு வெறும் மார்பாக நின்ற இருளாண்டியின் தழும்பை எல்லாரும் பார்த்தார்கள். குப்பியை வேட்டி மடிப்பில் செருகியிருந்தார். கிளம்பும் முன்பே ஒரு மாத்திரை போட்டாயிற்று. தலையில் குடத்தை ஏற்றினார்கள். உறுமி முழங்கியது. பாக்கியம் வேப்பிலையோடு பக்கத்தில் நடந்தாள். அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து, எப்படியாவது நடந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

பாதி மேட்டில் வலி வந்தது. நெஞ்சில் பிடித்து இடது கையில் இறங்கித் தாடைக்கு ஏறியது.

அப்போதுதான் தன் மடத்தனம் அவருக்குப் புரிந்தது. குப்பியின் மூடியைத் திருக இரண்டு கை வேண்டும். குடத்துக்கும் இரண்டு கை வேண்டும். சந்நிதி சேரும்வரை குடத்தைக் கீழே வைக்கவும் கூடாது. ஒரு கையை எடுத்துப் பார்த்தார். குடம் ஆடி, பால் நெற்றியில் வழிந்தது. அருள் வந்துவிட்டது என்று நினைத்து, பின்னால் வந்தவர்கள் "ஓம் சக்தி" என்று இன்னும் உரக்கக் கத்தினார்கள்.

இங்கே விழுந்து செத்தால் அம்மன் பாக்கியத்தைக் கைவிட்டுவிட்டாள் என்று ஊர் பேசும். வாய்விட்டுச் சொன்னாலும் அதையேதான் பேசும். இன்னும் நாலடி வைத்துப் பார்த்தார். கண் இருட்டியது.

"பாக்கியம்... கொடத்தப் புடி."

அவள் திடுக்கிட்டுக் குடத்தை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். இருளாண்டி சாலையோரப் புல்லில் சரிந்து உட்கார்ந்து மடிப்பைத் துழாவினார். மூடியைத் திருகிப் பார்த்தார், திறக்கவில்லை. பக்கத்து வீட்டு மணியம் ஓடிவந்து குப்பியை வாங்கித் திறந்தான்.

"அண்ணே, இது நெஞ்சுவலிக்கு நாக்குக்கடில வைக்கிறதாச்சே. எங்கப்பாவுக்கும் இதான் குடுத்தாங்க." மாத்திரையை வாயில் வைத்துவிட்டு எழுந்தான். "அண்ணி, பாத்துக்குங்க. கார எடுத்துட்டு வரேன், ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

ஊர்வலம் அவர்களைச் சுற்றி விலகி மேலே போனது. பாக்கியம் குடத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள்.

"எப்பலேருந்து?"

"தழும்பு ஆறுறதுக்கு முன்னாலேருந்தே."

"வயித்த வலின்னு சொன்னதெல்லாம்?"

"இதான்."

"டாக்டரு ஓகேன்னாருன்னு சொன்னீங்களே?"

இருளாண்டி தலையை ஆட்டினார். "அவரு அப்பிடிச் சொல்லல பாக்கியம். இது போவாதாம். மாத்திரையோடதான் காலம் தள்ளணுமாம். ஒன் வேண்டுதல் பொய்யாப் போச்சுன்னு நீ ஒடஞ்சிருவியேன்னுதான்..." திட்டுவாள், அழுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"வேண்டுதல் ஏன் பொய்யாப் போவுது? நான் உசுர மட்டுந்தானே கேட்டேன்? அத குடுத்துட்டா. வலியப் பத்தி ஒரு வார்த்த கேக்கலியே. நீங்க சொன்னாத்தானே நான் கேப்பேன்?"

இருளாண்டிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்த வாளியும், குழாய்ச் சத்தமும், குடித்த ஓமத் தண்ணீரும் நினைவுக்கு வந்தன. ஒரு வருஷம் தனியாகக் கிடந்தது எதற்காக என்று இப்போது அவருக்கே தெரியவில்லை.

"எறங்குதா?"

"ம். எறங்குது."

"எந்திரிக்காதீங்க. மணியம் கார் வர்றதுக்குள்ள வந்துர்றேன்."

குடத்தை நேராக்கிக்கொண்டு மேட்டில் ஏறினாள். உறுமிக்காரர்களையும் முந்திக்கொண்டு விறுவிறுவென்று போனவள், கோயில் வாசலுக்குக் கிட்டே சட்டென்று நின்று திரும்பினாள்.

"ஏங்க! வலி எந்தப் பக்கம்? சரியாச் சொல்லிக் கேக்கணும்ல!"

கூட்டம் மொத்தமும் திரும்பி அவரைப் பார்த்தது.

"நடு நெஞ்சுல!" என்று இருளாண்டி தன்னால் முடிந்த மட்டும் உரக்கச் சொன்னார். "எடது கைக்கும் எறங்குது!"