வலப்பக்கம் திருப்பினால்

பெயர்தான் சன்னாசி. எதன்மேலும் பற்றில்லாத மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய பற்று முழுவதும் குனோங் ராபாட் ஊரில் அவர் வீட்டுக் கொட்டகையில், நாலு சக்கரத்தின்மேல் நின்றது. பழைய ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவுக்குப் பின்னால் மட்கிக் கிடந்த காரை எழுபத்து நாலில் லாரியில் கட்டி இழுத்து வந்தார். அதுவரை அதில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. அன்று வீட்டுக்கு வந்திருந்த மைத்துனர், தைப்பிங் அர்ச்சுனன், காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“காரு எங்க மாப்பிள்ளை? இது கோழிக்கூடுலா!”

தெருவே சிரித்தது. சன்னாசி சிரிக்கவில்லை.

“இந்தக் கோழிக்கூடு ஒங்க வாசல்ல வந்து நிக்கும் மச்சான். அதுவரைக்கும் ஒங்களோட பேச்சு கெடையாது.”

பேச்சை நிறுத்துவது சுலபமாக இருந்தது. காரை ஓட்டுவதுதான் வருஷக் கணக்கில் இழுத்தது. அவர் மனைவி மங்களம் அண்ணனுக்கும் புருஷனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தாள். இப்போது மகள் நவமணி பெரிய மனுஷியாகிவிட்டாள். அடுத்த மாதம் சடங்கு. தாய்மாமன் மாலை போடாமல் சடங்கா? அர்ச்சுனனோ, “மாப்பிள்ளை கூப்பிடட்டும், ஓடி வாரேன்” என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

“காரு அங்க போவட்டும். அவரா வெளிய வந்து பாக்கட்டும். அப்புறம் பேசறேன்” என்றார் சன்னாசி.

ஆக, மகளின் சடங்கு ஒரு ஸ்டேரிங்கில் வந்து தொங்கியது. இஞ்சின் ஓடியது, பிரேக் பிடித்தது, ஸ்டேரிங் மட்டும் பல் விழும் வயதுப் பிள்ளையின் பல்லைப்போல ஆடியது. ஸ்டேரிங் தண்டை ஆடாமல் பிடிக்கும் புஷ் தேய்ந்திருந்தது. பழைய இரும்புக் கடையெல்லாம் துழாவி ஒன்றைக் கண்டுபிடித்து மாட்டினார். ஆட்டம் நின்றது.

மங்களத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோயிலில் மந்திரித்த சின்னச் செப்புத் தகடு ஒன்றை வாங்கி வந்தாள். காரில் சாமி சமாச்சாரம் எதுவும் கூடாதென்பது சன்னாசியின் கொள்கை. “காரு பெட்ரோல்ல ஓடுது, சாம்பிராணியில இல்ல” என்பார். அதனால் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஸ்டேரிங் வளையத்துக்குக் கீழே தண்டுக்கும் அதன் உறைக்கும் இடையில் இருந்த சந்தில் தகட்டைச் செருகிவைத்தாள்.

மறுநாள் தெருமுனையில் காரை வலப்பக்கம் திருப்பினார். ஹார்ன் தானாகவே அலறியது. நேராகப் போனால் சத்தமில்லை. இடப்பக்கம் திருப்பினாலும் இல்லை. வலப்பக்கம் என்றால் ஒரே ஓலம்.

“ஹார்ன் அடிச்சு ரொட்டி விக்கிறீங்களா அண்ணே?” என்று பக்கத்து வீட்டு முத்தம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

ஹார்ன் வயர் தண்டு வழியாகத்தான் போகிறது. மின்சாரம் எங்கோ வெறும் இரும்பைத் தொடுகிறது. இது சன்னாசிக்குத் தெரியும். வளையத்தைக் கழற்றினார், உறையைக் கழற்றினார், விளக்கடித்துப் பார்த்தார். எல்லாம் சுத்தமாக இருந்தது. இருக்காதா பின்னே? அவர் ஸ்பானரை எடுக்கும்போதே மங்களம் முந்திப் போய்த் தகட்டை உருவிவிடுவாள். கிரீஸ் கை சாமியில் படலாமா? வேலை முடியும்வரை அது சாமி படத்தின் முன்னால் பத்திரமாக இருக்கும். அவர் மூடிவிட்டுக் கை கழுவப் போனதும் திரும்பச் சந்துக்குப் போய்விடும்.

வயரை மாற்றினார், அலறியது. ஹார்ன் வளையத்தை மாற்றினார், அலறியது. “இதுக்குப் பேய்தான் புடிச்சிருக்கு” என்றார் கொள்கைக்காரர். மங்களம் பயந்துபோய் இன்னும் பக்தியாகத் தகட்டைத் துடைத்துச் செருகினாள்.

பிறகு அவளுக்குச் சாமியைத் தொடக்கூடாத நாட்கள் வந்தன. தகடு படத்தின் முன்னாலேயே கிடந்தது. கார் வாயைத் திறக்கவில்லை. சன்னாசி சீட்டியடித்தார். அவள் தலைக்குக் குளித்துத் தகட்டைச் செருகிய அன்றே தெருமுனையில் ஓலம் கேட்டது. சோற்றுப் பானைக்கு முன்னால் நின்றிருந்த மங்களம் அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சொன்னால் பேரன் பேத்தி எடுக்கும்வரை மனுஷன் சொல்லிச் சொல்லிக் காட்டுவார். சத்தமில்லாமல் உருவித் தன் பர்சுக்குள் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நவமணியை முத்தம்மாவிடம் விட்டுவிட்டுத் தைப்பிங்குக்குப் புறப்பட்டார்கள். கோலக்கங்சாருக்கு அப்பால் மலை வளைவுகளில் கார் சமர்த்தாகத் திரும்பியது. “பாத்தியா? வேலைன்னா இதுதான் வேலை” என்றார் சன்னாசி. மங்களம் வெளியே பார்த்துக்கொண்டாள்.

தைப்பிங்கில் மழை, அங்கே வேறென்ன இருக்கும்? அர்ச்சுனன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கேட்டுக்கு எதிரே கார் வந்து நின்றதைக் கண்டதும் பேப்பரை உயர்த்தி முகத்தை மூடிக்கொண்டார்.

“கூப்பிடுங்க” என்றாள் மங்களம்.

“அவரா வரட்டும்.”

“ஹார்னாவது அடிங்க.”

“ஹார்ன் அடிச்சா கூப்பிட்ட மாதிரி ஆயிரும்லா.”

பேப்பர் அசையவில்லை. சன்னாசியும் அசையவில்லை. நரைத்த தலைகள் இரண்டும் இப்படி முறுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்க மங்களத்துக்கு எரிச்சலாக வந்தது. மாலையில்லாமல் மணையில் உட்காரப்போவது நவமணிதான்.

“காரைப் பாத்துட்டாரு, அது போதும். வீட்டுக்குப் போலாம்” என்று சன்னாசி கியரைப் போட்டார். காரைத் திருப்பப் போகிறவர், தலையைத் தம் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்தார். மங்களம் பர்சைத் திறந்தாள். எட்டிச் சந்தில் தகட்டைச் செருகினாள். அவர் வளையத்தை வலப்பக்கம் ஒடித்தார்.

தெரு அதிர ஹார்ன் அலறியது.

பேப்பர் கீழே விழுந்தது. அர்ச்சுனன் குடைகூட எடுக்காமல் மழையில் ஓடிவந்தார். “கூப்பிட்டுட்டாரு, மாப்பிள்ளை கூப்பிட்டுட்டாரு! கோழிக்கூடுன்னேன், சேவலே கூவுதுலா! எறங்குங்க, எறங்குங்க!”

அப்புறம் சாப்பாடு, சிரிப்பு, சடங்குப் பேச்சு. மாலையோடு வளையலும் தாமே வாங்கி வருவதாகச் சொன்னார் அர்ச்சுனன். சன்னாசி வாழையிலையைவிட்டுத் தலை நிமிரவில்லை. மங்களம் மட்டும் நடுவில் ஒருமுறை வெளியே போய்க் காரிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் காருக்குள் குனிந்தபோது சன்னாசியின் தலை ஜன்னல் பக்கம் திரும்பியது.

திரும்பும்போது அண்ணன் கேட்டோரம் நின்றார். சன்னாசி காரைக் கிளப்பினார். பிறகு அவள் பக்கம் பார்க்காமலே இடக்கையை நீட்டினார்.

“அந்தத் தகட்டக் குடு.”

மங்களம் பர்சைத் திறந்தாள். தகட்டை எடுத்துக் கொடுத்தாள். அதை அவரே சந்தில் செருகினார்.

“அப்ப கூப்பிட்டது நீ” என்றார். “இப்ப நான் கூப்பிடறேன்.”

வளையத்தை வலப்பக்கம் ஒடித்தார்.