கருப்பட்டி காய்ச்சிய கார்

பகவதியப்பனின் காரை இரண்டு காளைகள் இழுத்துக்கொண்டு வந்தன. தக்கலைச் சந்தைக்கு வந்திருந்த கூட்டம் பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. காளை பூட்டுவதற்காகவே வாங்கிய கார் என்பதுபோல அவர் பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் டிரைவர் சுயம்பு ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்தபடி தலை குனிந்திருந்தான். என் பட்டறை வாசலில் வண்டி நின்றதும் அவர் இறங்கி வந்து உத்தரவு போட ஆரம்பித்தார்.

"ஏலே ஞானையா, இந்தப் பய வண்டியக் கொதிக்க விட்டுக் கெடுத்துட்டான். என்ன கேடுன்னு பாத்து ஒரு கடுதாசி எழுதித் தா. டிரைவர் கவனமில்லாம ஓட்டித்தான் இன்ஜின் போச்சுன்னு எழுதணும். அதை ஸ்டேஷன்ல குடுத்து இவன் லைசென்ஸைப் பறிக்கணும். இனி எவன் வண்டியிலயும் இவன் கை வைக்கப்பிடாது."

சரி என்றேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. சண்டைக் காலத்தில் ஐந்து வருடம் பர்மா எல்லையில் பட்டாள லாரிகளைப் பழுது பார்த்தவன் நான். தண்ணீர் பார்க்காமல் ஓட்டி இன்ஜினைச் சுட்டுப் பொசுக்குகிற டிரைவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அந்த ஜாதியில் இவனும் ஒருத்தன் என்று முடிவு கட்டிவிட்டேன்.

சுயம்புவுக்கு அந்த லைசென்ஸைத் தவிர உலகத்தில் வேறு ஒன்றும் கிடையாது. வயல் இல்லை, வேறு தொழில் தெரியாது. வீட்டில் அவன் பெண்டாட்டி நாகம்மை மூன்றாவது பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் தெரிந்துதான் நான் சரி என்றேன்.

அவர் போனபிறகு வேலையைத் தொடங்கினேன். எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தால் எண்ணெய் கருப்பாக இல்லை, பால் கலந்த சாயா நிறத்தில் இருந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். முன்பக்கம் கைப்பிடியைச் செருகிச் சுற்றினேன். நான்கு சிலிண்டரும் முறைக்கு ஒன்றாகக் கையை எதிர்த்துத் தள்ள வேண்டும். முதலாவதும் நான்காவதும் தள்ளின. நடுவிலுள்ள இரண்டும் செத்துக் கிடந்தன. அதற்குமேல் சந்தேகத்துக்கு இடமில்லை, கேஸ்கட் எரிந்துவிட்டது. சிலிண்டர்களை மூடி உட்காருகிற இரும்புப் பாளத்தை ஹெட் என்போம். அதற்கும் அடியிலுள்ள பிளாக்குக்கும் நடுவே செம்பும் கல்நாரும் சேர்த்துச் செய்த ஒரு தகடு இருக்கும். நெருப்பை நெருப்பின் இடத்திலும் தண்ணீரைத் தண்ணீரின் இடத்திலும் நிறுத்தி வைப்பது அந்தத் தகடுதான்.

"கண்ணு என்ன பொடதியிலயாலே கெடக்கு?" என்று சுயம்புவைப் பிடித்துக்கொண்டேன். "ஆவி பறக்கும்போ நிப்பாட்டத் தெரியாதா? உனக்கெல்லாம் எவம்லே லைசென்ஸ் தந்தது?"

"உள்ளது மேஸ்திரி" என்றான். அவ்வளவுதான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் என் கோபம் கொஞ்சம் அடங்கியிருக்கும். அவன் அப்படி ஒத்துக்கொண்டது எனக்கு இன்னும் எரிச்சலைத்தான் தந்தது.

ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். கருப்பட்டி வாசனை வந்தது. என் பெண்டாட்டி நேசபாய் அடுக்களையில் காப்பி போடுகிறாள் என்று நினைத்து, எனக்கும் ஒரு வாய் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தேன். அடுப்பே பற்ற வைக்கவில்லை என்று பதில் வந்தது.

நட்டுகளைக் கழற்றி, ஹெட்டை மெல்ல நெம்பி எடுத்தேன். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் கேஸ்கட் கரிந்து கிழிந்திருந்தது. அது நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது தண்ணீர் ஓடுகிற ஓட்டைகளில் இருந்தது. ஒவ்வொரு ஓட்டையிலும் கன்னங்கரேலென்று ஒரு பசை இறுகிக் கிடந்தது, நடுவே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொருக்கு. ஆணியால் ஒரு துளி சுரண்டி நாக்கில் வைத்தேன். எண்ணெய் நாற்றத்தையும் மீறி இனித்தது.

"ஏலே, இங்க வா. ரேடியேட்டர்ல என்னத்தலே ஊத்தின?"

சுயம்பு ஹெட்டைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"அக்கானி."

அக்கானி என்றால் பதநீர். புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவி, பனையிலிருந்து இறக்குவது. அதைக் காய்ச்சினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கருப்பட்டி ஆகும். இந்த வண்டி இன்ஜினை அடுப்பாக வைத்துப் பல மைல் தூரம் கருப்பட்டி காய்ச்சிக்கொண்டு வந்திருக்கிறது.

ஸ்பானரை அவன் காலடியில் விட்டெறிந்தேன். "உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? வழியில ஒரு கிணறுகூடவா இல்ல?"

"இருந்துது மேஸ்திரி."

அப்புறம்தான் ஒவ்வொன்றாகச் சொன்னான். அஞ்சுகிராமத்துக்கு இந்தப் பக்கம், நல்ல பங்குனி வெயிலில் வண்டி கொதித்திருக்கிறது. இவன் உடனே நிறுத்தி, ஆற விட்டு, வாளியை எடுத்துக்கொண்டு ரோட்டோரத்துத் தெருவுக்கு ஓடியிருக்கிறான். அங்கே ஒரு கிணறு. கிணற்றடியில் நின்ற பெண் ஒருத்தி, இவன் கேட்பதற்கு முன்பே தண்ணீர் கோரி, தானே தூக்கிக்கொண்டு வண்டிவரைக்கும் வந்திருக்கிறாள். பகவதியப்பன் அவளைக் கைகாட்டித் தூரத்திலேயே நிறுத்திவிட்டார்.

"அந்தத் தெருத் தண்ணி எனக்க வண்டியில ஏறப்பிடாதுன்னுட்டாரு. கோயிலுக்குப் போற வண்டியாக்கும், தீட்டாயிப் போவும்னாரு. அந்த அக்கா வாளியோட அப்படியே நிக்கா. வெக்கத்துல எனக்குத் தொலி உரிஞ்சு போச்சு மேஸ்திரி. அப்பம் ஒருத்தர் பனையில இருந்து அக்கானி இறக்கிட்டு வந்தாரு. மொதலாளி அதைக் கண்டுட்டு, இது நேரா மரத்துல இருந்து வாறது, ஒருத்தன் கிணத்தையும் தொடல்ல, இதை ஊத்துன்னாரு. ஆவாது மொதலாளின்னு ரெண்டு மட்டம் சொன்னேன். கேக்கல்ல. ஊத்தினது நான்தான்."

"இதை ஏம்லே அப்பமே சொல்லல்ல? நான் இம்புட்டு ஏசுதேன், மரம் மாதிரி நிக்கியே?"

"சொன்னா அவருக்கு நாணக்கேடுல்லா."

இவன் சோற்றில் மண்ணைப் போடக் கடுதாசி கேட்கிறார் அந்த மனுஷன். இவன் அவருடைய மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறான். அதிலும் இவன் சாமித்தோப்புப் பதிக்குக் கும்பிடப் போகிறவன். அங்கே எல்லா ஜாதிக்காரரும் ஒரே கிணற்றில் குளித்து, அதே தண்ணீரைக் குடிப்பார்கள். நானும் அந்தப் பெண் நின்றதுபோன்ற ஒரு தெருவில் பிறந்தவன்தான். என் கை அவர் இன்ஜினுக்குள் முழங்கைவரை போகலாம். எங்கள் தண்ணீர் மட்டும் அதற்குள் போகக் கூடாது.

அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டுதான் வேலை செய்தேன். இரும்பு அளவுகோலை ஹெட்டின்மேல் நிமிர்த்தி வைத்து, மறுபக்கம் விளக்கைப் பிடித்தால் நடுவில் வெளிச்சம் கசிந்தது. சூட்டில் ஹெட் வளைந்திருந்தது. கனமான கண்ணாடிப் பலகையில் உப்புத்தூளும் எண்ணெயும் குழைத்துப் போட்டு — உப்புத்தூள் என்றால் தேய்க்கிற தூள், சமையல் உப்பு இல்லை — வெளிச்சம் மறையும்வரை தேய்த்தேன். ஒரு பகல் முழுவதும் போயிற்று. சுயம்பு வெந்நீரில் சோடாக்காரம் கரைத்து ஊற்றி, கம்பியால் குத்திக் குத்தி அந்தப் பசையைக் கழுவினான். சுரண்டியதை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் எடுத்து வைத்தேன். புதுக் கேஸ்கட் திருவனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்தது. அதைப் பதித்து, நடுவிலிருந்து வெளியே போகிறமாதிரி, ஒரே மூச்சில் முறுக்காமல் மூன்று சுற்றாக நட்டுகளை இறுக்கினேன். கோபத்தில் ஒரு நட்டைக் கூட்டி முறுக்கினால் எல்லாம் பாழ். அதனால் அந்த வேலையை மட்டும் ஏசாமல் செய்தேன். தண்ணீர் ஊற்றி ஓட விட்டு, ஆறியதும் இன்னொரு சுற்று இறுக்கி, சோடாக்காரம் கலங்கிய அந்தத் தண்ணீரை வடித்தேன்.

நான்காம் நாள் காலையிலேயே பகவதியப்பன் வந்து பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மறுநாள் சுசீந்திரத்தில் அவர் மகளுக்கு நிச்சயதாம்பூலம். காரில் போய் இறங்காவிட்டால் அவருக்குக் குறைச்சல்.

"கடுதாசி எங்கலே?"

கொடுத்தேன். அவர் பாதிவரைக்கும் வாய்விட்டும், மீதியை மனசுக்குள்ளும் படித்தார்.

"இந்த வண்டி கெட்டதற்குக் காரணம் ரேடியேட்டரில் அக்கானி ஊற்றியது. ஊற்றச் சொன்னவர் வண்டியின் சொந்தக்காரர். பக்கத்தில் நல்ல தண்ணீர் இருந்தும் அதைத் தடுத்தவரும் அவரே. டிரைவர்மேல் குற்றம் இல்லை. ஹெட்டிலிருந்து சுரண்டிய கருப்பட்டி என் வசம் இருக்கிறது. போலீஸ் கேட்டால் காட்டத் தயார்."

"திமிராலே உனக்கு?"

"ஆமா மொதலாளி. ஸ்டேஷன்ல குடுங்க. நானும் கூட வாறேன். சந்தைக்குள்ளகூடித்தான் போவணும், சிரட்டையை நான் கையில பிடிச்சிட்டு வாறேன். என்னதுன்னு கேக்கவங்களுக்கெல்லாம் சொல்லணும்லா."

கடுதாசியை நாலாகக் கிழித்துப் போட்டார். அவர் முகம் சிவந்ததைப் பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது, மறைப்பானேன். என்னைப் பார்க்காமல், "வண்டிய எடுலே சுயம்பு" என்றார். இவனைவிட்டால் நாளைக்குள் அவருக்கு வேறு டிரைவர் கிடைக்கமாட்டான். லைசென்ஸ் பிழைத்தது. இவன் ஓடிப்போய் ஏறிக்கொள்வான் என்று நினைத்தேன்.

சுயம்பு ஏறவில்லை. ரேடியேட்டர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியின் முன்னால் நின்றான்.

"மொதலாளி, உள்ள தண்ணி இல்ல. எந்தத் தண்ணிய ஊத்தணும்னு சொல்லுங்க."

அவர் நாற்காலியை விட்டு எழுந்து கார்க் கதவைத் திறந்தார்.

"மேஸ்திரிக்க கிணறு பொறத்தால இருக்கு. ஊத்தவா? நாளப்பின்ன வழியில கொதிச்சாலும் எதை ஊத்தணும்னு இப்பமே சொல்லிருங்க. எனக்க கை ஊத்தும், பெறவு எனக்க தலையிலல்லா விடியும்."

குரலை உயர்த்தவே இல்லை. இவ்வளவு பேச்சு இவனுக்குள் இருந்ததா என்று நான் அசந்து போனேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பகவதியப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். ரோட்டில் போன இரண்டு பேர் நின்றார்கள்.

"எதையாவது ஊத்தித் தொலை" என்றார்.

"எந்தக் கிணத்துத் தண்ணின்னாலுமா?"

"எந்தக் கிணத்துத் தண்ணின்னாலும்."

நேசபாய் கோரிக் கொடுக்கக் கொடுக்க, சுயம்பு வாங்கி ஊற்றினான். வண்டி ஸ்டார்ட் ஆகி, நான்கு சிலிண்டரும் ஒன்றுபோல் ஓடின. பகவதியப்பன் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். காலையிலிருந்து வெயிலில் இருந்ததில் அவருக்கு உதடு காய்ந்து வெளுத்திருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் செய்கிறதுபோல, நேசபாய் அதே வாளியில் ஒரு செம்பு மொண்டு அவர் பக்கம் நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேண்டாம் என்று கையைக் காட்டினார். அஞ்சுகிராமத்தில் அந்தப் பெண்ணுக்குக் காட்டியதும் இந்தக் கைதான் என்று எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஸ்பானரோடு இரண்டு எட்டு வைத்துவிட்டேன்.

அதற்குள் சுயம்பு இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். நேசபாயின் கையிலிருந்து செம்பை வாங்கி, காரின் கதவோரத்திலேயே நின்று, அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தான். பின்சீட்டில் அந்த மனுஷர் வேர்த்து வடிந்தபடி காத்திருந்தார். ஏறச் சொல்லி அதட்டவில்லை. அதட்டவும் முடியாது.

செம்பு காலியானதும் சுயம்பு வாயைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னொரு செம்பு தாங்க அக்கா" என்றான்.