மதிலோரம் நின்ற கூலர்

ஐஸ் உடைத்து, மீன்பெட்டி தூக்கி, இடுப்பு நாரி பிடித்துப் போன பிறகுதான் கொன்ஸ்ரன்ரைனுக்குச் சாரதி ஆசனம் கிடைத்தது. ஜுனைட் முதலாளியின் கூலர் லொறி. மாலையில் தீவிலிருந்து மீனோடு புறப்பட்டுப் பேலியகொடைச் சந்தையில் இறக்கிவிட்டு, விடிந்த பிறகு வெறும் வண்டியோடு ஊர் வந்து சேருவான். மனைவி அன்ரோனெற் நண்டுக் கொம்பனிக்கு வெள்ளனவே போய்விடுவாள். ஆகவே பக்கத்து வீட்டில் நிற்கும் மகள் ஜெனிற்றாவை வருகிற வழியில் ஏற்றி, முன்பள்ளியில் விட்டுவிட்டுத்தான் வண்டியைக் கரையில் இருக்கும் மீன் வாடிக்குக் கொண்டு போவான்.

முன்பள்ளி கோயில் மண்டபத்தில் நடந்தது. மதிலுக்கு வெளியே தலைமன்னார் போகும் பெரிய றோட்டு.

அந்த ஊரில் எதுவும் ஞாயிறு பூசை முடிவில் சொல்லப்பட்டால்தான் நிச்சயம். கடைசி ஆசீருக்கு முன் பங்குச் சுவாமி அறிவித்தல் வாசிப்பார். கலியாண ஓலை, மின்வெட்டு, நுளம்புப் புகை, கடலில் தவறிய வலை, எல்லாம் அதில் வரும். அதற்குப் பிறகு எந்தக் கந்தோரிலும் போய் யாரும் விசாரிப்பதில்லை. மார்கழியில் ஒரு ஞாயிறு அலெக்ஸாண்டர் சுவாமி சொன்னார்: "முன்பள்ளிக்குப் பிள்ளையளைக் கொண்டுவாற ஆக்கள் காலமையில மதிலோரம் வாகனத்தை விடலாம். கதைச்சாச்சு."

யாரோடு கதைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

தை மாதம் முன்பள்ளி தொடங்கியது. முதல் கிழமையே ஜெனிற்றா அவன் சேட்டுக் கொலரைப் பிடித்தபடி விடமாட்டேன் என்றாள். வாசலில் விட்டுவிட்டு ஓடவும் முடியாது. பிள்ளையைக் கையில் தந்துவிட்டுத்தான் போகவேண்டும் என்பது ரீச்சரின் கண்டிப்பு. அவன் உள்ளே போய், முழங்கால் நெஞ்சில் இடிக்கிற சின்னக் கதிரையில் இருந்து, மகள் களிமண்ணில் கை வைக்கும்வரை காத்திருந்தான். வெளியே ஹோன் அடித்துக்கொண்டே இருந்தது. தன் வண்டிக்குத்தான் அடிக்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

வெளியே வந்தபோது மோட்டார்சைக்கிள்காரர் எல்லோரும் போயிருந்தார்கள். கூலர் மட்டும் நின்றது. அதன் பின்பக்கம் பாதி றோட்டில். தலைமன்னார் பஸ் ஒன்று உரசாமல் போக வழி பார்த்துக்கொண்டிருந்தது. பொலிஸ் சார்ஜன் தண்டச் சீட்டுப் புத்தகத்தோடு நின்றார்.

"லைசன் தா. எங்க போனது நீ?"

"பிள்ளையை விட வந்தனான், சேர். இதில விடலாம் எண்டு சுவாமி சொன்னவர்."

"எந்தச் சுவாமி? ட்ரபிக் சுவாமியா?"

பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரன் சிரித்தான். சார்ஜன் சிரிக்கவில்லை. லைசனை எடுத்துக்கொண்டு, சிங்களத்தில் எழுதிய தண்டச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். இரண்டு கிழமைக்குள் தபால் கந்தோரில் காசைக் கட்டினால் லைசன் கிடைக்கும். அதுவரை அந்தச் சீட்டைக் காட்டி ஓடலாம். கட்டாவிட்டால் கோடு, வழக்கு.

"கட்டிப்போட்டு எடுங்கோவன்," என்றாள் அன்ரோனெற். நண்டுக்கோது கீறிய விரல்களுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள்.

"கட்டினா நான் பிழை விட்டனான் எண்டாகும்."

"நீங்கள் பிழை விடேல்லையெண்டு ஆருக்குத் தெரியவேணும்? மாதாவுக்கோ?"

"கோயில்ல வச்சு எல்லாருக்கும் சொன்னது. ஊரே சாட்சி. கோட்டில சொன்னா ஒரு நாளில முடிஞ்சிடும்."

"ஒரு நாளில முடிஞ்ச கோட்டை எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோ."

அவன் கட்டவில்லை.

கோட்டில் தண்டச் சீட்டுக்காரர் பெரிய வரிசை. பெயர் கூப்பிட்டதும் ஒவ்வொருவராக ஏறி, "குற்றவாளி" என்று சொல்லி இறங்கினார்கள். மூச்சு விடுகிற நேரம்கூட எடுக்கவில்லை. கொன்ஸ்ரன்ரைன் ஏறி, "சுற்றவாளி" என்றான். குற்றத்தை ஏற்கவில்லை என்று அதற்குப் பொருள். எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்து பார்த்தார். வழக்கை விசாரிக்க வேறொரு நாளுக்குத் தவணை போட்டார்கள். வழக்கு முடியும்வரை லைசன் கோட்டிலேயே இருக்கும் என்றார்கள். அதை அவனுக்கு முன்பு யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

"லைசன் இல்லாம உன்னை அனுப்பேலாது, தம்பி," என்றார் ஜுனைட். "வழியில மறிச்சு வச்சானெண்டா மீன் நாறிடும். உன்னை நான் துரத்தேல்ல. வண்டிக்குத்தான் ஆள் வேணும்."

வண்டியை றொசாந்தன் எடுத்தான். இவ்வளவு காலமும் கொன்ஸ்ரன்ரைனுக்குக் கீழே பெட்டி ஏற்றிய பொடியன். "நீங்கள் வாற வரைக்கும்தான் அண்ணை," என்றான். கொன்ஸ்ரன்ரைன் ஐஸ் உடைக்கப் போனான். இரண்டாம் நாளே நாரி பழையபடி பிடித்தது. இரவில் புரண்டு படுக்க அன்ரோனெற் தோளில் பிடித்துத் தள்ளிவிடவேண்டி இருந்தது.

அடுத்த தவணைக்குச் சார்ஜன் வரவில்லை. வேறு இடத்துத் திருநாள் கடமைக்குப் போய்விட்டாராம். வழக்கு மீண்டும் தள்ளிப் போனது.

"இனி வாற தவணையோட முடி," என்றார் ஜுனைட். "றொசாந்தன் கலியாணம் முடிக்கப் போறான். நிலையான வேலையோ எண்டு பெண் வீட்டில கேக்கிறாங்களாம். நான் என்ன சொல்ல?"

அலெக்ஸாண்டர் சுவாமி அதற்குள் வெள்ளாங்குளம் பக்கம் மாறிப் போயிருந்தார். கொன்ஸ்ரன்ரைன் பஸ் ஏறிப் போனான். சுவாமி நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார். அவனைக் கண்டு சந்தோசப்பட்டார். பிள்ளையைப் பற்றிக் கேட்டார்.

"சொன்னனான்தான். நான் ஏன் இல்லையெண்டு சொல்லவேணும்? பிரதேச சபையில தெரிஞ்ச ஒருத்தரோட கதைச்சனான். பிரச்சினை இல்லை சுவாமி எண்டார்."

"எழுத்தில ஏதும்?"

"வாயாலதான். பிறகுதான் தெரிஞ்சது, அந்த றோட்டு சபையின்ரை இல்லையாம்."

"கோட்டுக்கு வந்து அதைச் சொன்னாக் காணும், சுவாமி."

சுவாமி தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றினார். "ஆயர் இல்லத்தில கேக்காம நான் கோட்டில ஏறேலாது. கேட்டா, ஏன் இல்லாத அதிகாரத்தை அறிவிச்சீர் எண்டு என்னைத்தான் கேப்பினம். தண்டக் காசை நான் தாறன், மோனே. கட்டி முடியும்."

"காசுக்கு வரேல்ல, சுவாமி."

"தெரியும்."

போகும்போது அவர் அவன் தலையில் கை வைத்தார். அவனும் பழக்கத்தில் குனிந்தான்.

மூன்றாம் தவணையில் சார்ஜன் வந்திருந்தார். கோட்டு வளவில் வேப்பமரத்தடியில் நின்றவர் அவனைச் சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டார்.

"மல்லி, நீ இன்னும் விடவில்லையா? நான் லீவு குழப்பிட்டு வந்தது. எனக்கும் சின்னப் பிள்ளை இருக்கு. அண்டைக்குப் பஸ்சில ஒரு வயித்துவலிக்காரி. ஆஸ்பத்திரிக்குப் போகவேணுமெண்டு கத்தினது. நான் என்ன செய்யிறது?"

"எனக்கு அது தெரியாது, சேர்."

"எனக்கும் உன்ரை சுவாமி தெரியாது."

சார்ஜன் வெற்றிலைப் பையை நீட்டினார். அவன் வேண்டாம் என்றான்.

நீதவான் அம்மா பொறுமையாகத்தான் கேட்டார்.

"அந்த இடத்தில வாகனத்தை நிறுத்த உமக்கு ஆர் அனுமதி தந்தது?"

"சுவாமி, அம்மா. பூசையில சொன்னவர்."

பின்வாங்கில் யாரோ களுக்கென்றார்கள். அம்மா நிமிர்ந்து பார்த்ததும் அடங்கியது.

"சுவாமி சாட்சிக்கு வந்திருக்கிறாரா?"

"இல்லை, அம்மா."

"அழைப்பாணை அனுப்பலாம். அதுக்கு இன்னொரு தவணை போடவேணும். என்ன செய்யப் போறீர்?"

கொன்ஸ்ரன்ரைன் கூண்டின் கம்பியைப் பிடித்தான். சுவாமியைப் பொலிஸ் அழைப்பாணையோடு தேடிப் போவதை நினைத்தான். இன்னொரு தவணை என்றால் இன்னும் எத்தனை ஐஸ் பார் என்று அவன் முதுகு நினைத்தது. மாலையில் கூலர் புறப்படும்.

"குற்றவாளி, அம்மா."

"யோசிச்சுத்தான் சொல்றீரா?"

"ஓம்."

தண்டத்தைக் கட்டி, வரிசையில் நின்று லைசனை வாங்கினான். அதில் ஒட்டியிருந்த வழக்கு இலக்கக் காகிதத்தின் பசை இன்னும் பிசுபிசுத்தது. சேட்டுப் பையில் வைக்காமல் கையிலேயே பிடித்தபடி பஸ்சில் வாடிக்குப் போனான்.

ஜுனைட் தராசடியில் நின்றார். லைசனைக் கண்டதும் அவர் முகம் மாறியது. சந்தோசத்தில் அல்ல.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது, ஜுனைட் நானா. வண்டியை இண்டைக்கே எடுக்கிறன்."

"போன தவணை மாதிரித்தான் இதுவும் போகும் எண்டு நினைச்சன், தம்பி. நேத்து றொசாந்தனுக்குச் சொல்லிப்போட்டன். அவனும் பெண் வீட்டுக்குச் சொல்லிட்டான்."

"லைசன் இஞ்ச இருக்கு, நானா."

"கண்ணால காணுறன்தானே. வண்டி ஒண்டுதானே இருக்கு." ஜுனைட் தராசைத் துடைக்கத் தொடங்கினார். ஏற்கனவே துடைத்த தராசு. "அடுத்த வருசம் இன்னொண்டு எடுக்கிற யோசனை இருக்கு. பாப்பம்."

மீன்பிடிப் போட்டுகள் வந்து கரையில் பெட்டிகள் இறங்கியிருந்தன. றொசாந்தன் கூலரைத் திருப்பிப் பின்னுக்கு எடுக்கப் பார்த்தான். ஒரு பக்கம் ஐஸ் தொட்டி, மறுபக்கம் தூண். கண்ணாடியில் கொன்ஸ்ரன்ரைனைக் கண்டதும் தலையை வெளியே நீட்டினான். கண்ணைப் பார்க்கவில்லை.

"அண்ணை, பின்னால ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

கொன்ஸ்ரன்ரைன் லைசனைச் சாரத்து மடிப்பில் செருகினான். வண்டியின் பின்னால் போய் நின்று, பலகையில் உள்ளங்கையால் தட்டினான்.

"வா... வா... இடப்பக்கம் வெட்டு. இன்னும். வா. நில்."

கதவைத் திறந்து முதல் பெட்டியைத் தூக்கினான்.