பீற்றிஸ் அக்காவின் கொட்டாத தலைமயிர்

பீற்றிஸ் அக்காவின் தலைமயிர் கொட்டவில்லை என்பதை எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் முதலில் சொன்னது நான்தான் என்று பக்கத்து வீட்டு மேர்லின் என்மேல் பழி போட்டுத் திரிகிறாள். பொய். நான் இரண்டாவது. பேன் பார்க்கிற சாட்டில் சீப்போடு போய், ஐந்து நிமிடம் இழுத்து வாரி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான்கு மயிர். எனக்கே ஒரு நாளைக்கு அதைவிடக் கூடக் கொட்டும்.

வயிற்றுக்குள் கான்சர் என்றால், மருந்து ஏற்றிய மூன்றாம் வாரம் தலை மொட்டையாகிவிடும். இதில் எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. அந்த நம்பிக்கையில் மேர்லின் பூப்போட்ட துணியில் மூன்று தொப்பி தைத்து வைத்திருந்தாள். இரண்டாவது தடவையும் ஏற்றியாயிற்று. அக்காவின் கூந்தல் இடுப்புக்குக் கீழேயே நிற்கிறது. "எனக்கென்ன, நல்லதுதானே" என்றாள் மேர்லின், நின்றுபோன கலியாணத்துக்குப் பரிசுப் பெட்டியோடு வந்தவள் மாதிரி.

அக்காவின் புருஷன் பேர்னாட் அண்ணன் வாவியில் வலை போடுகிறவர். டாக்டர் சொன்னதையும் அவர் வலையாகத்தான் விளங்கி வைத்திருந்தார்.

"இது புது மாதிரி மருந்து புள்ள. கண்ணுக்குத் தெரியாத உருண்டை. உள்ளுக்க மருந்து, மேல பொலிமர் எண்டு ஒரு போர்வை. நல்ல ரத்தக்குழாய் நெருக்குக்கண் வலை, அதுக்குள்ளால லேசில வெளிய போகாது. கட்டிக்குப் போற குழாய் கிழிஞ்ச வலை. அதால பூந்து கட்டிக்குத்தான் கூடப் போகும். அதான் தலைமயிருக்குப் பெரிசா ஒண்டும் ஆகல்ல."

"பொலிமர் எண்டா பிளாஸ்டிக்கா?"

"அந்தச் சாதிதான்."

"வாவி முழுக்கப் பிளாஸ்டிக். இப்ப அக்காட வயித்துக்குள்ளயுமா?"

பகிடிக்குத்தான் சொன்னேன். ஆனால் எங்கள் ஒழுங்கையில் ஒரு பகிடி முதல் வாசலில்தான் பகிடி; நாலாவது வாசலில் அது டாக்டர் சொன்னது. ஞாயிறு பூசை முடிவதற்குள் பிளாஸ்டிக்கும் கொட்டாத மயிரும் சேர்ந்து 'பீற்றிஸுக்கு ஏத்துறது வெறும் தண்ணி' என்றாகி, அக்காவின் காதுக்கே போய்விட்டது.

"வேலை செய்யாத மருந்துக்கு நான் ஏன் பஸ் ஏறணும்? வியாழக்கிழமை போகல்ல" என்றுவிட்டார். மூன்றாவதைத் தவறவிடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். பேர்னாட் அண்ணன் என் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார். நாலு ஏச்சு ஏசியிருந்தால் எனக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

இறால் ஆணம் காய்ச்சி, கறிச்சட்டியோடு அக்கா வீட்டுக்குப் போனேன். அண்ணன் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். அக்கா கதிரையில் உட்கார்ந்து, கைகளைத் துவாய்த் துண்டுக்குள் சுருட்டி வைத்தபடி. தேத்தண்ணியை நீட்டினேன்; வாங்கவில்லை. என்னிடமா மறைப்பது? துவாயை இழுத்தேன். உள்ளங்கை இரண்டும் என் ஆணத்து இறாலைவிடச் சிவந்து, தோல் உரிந்து கிடந்தன.

"ஆருக்கும் சொல்லிராத புள்ள. தொத்து நோய் எண்டுருவாங்க."

இதை, போயும் போயும் என்னிடம் சொன்னார்.

வாசலுக்கு வந்து, கான்சர் வாட்டில் தாதியாக இருக்கிற டினுஷாவுக்குப் போன் எடுத்தேன்.

"அது இந்த மருந்து செய்யிற வேலதான் அக்கா. கையிலயும் காலிலயும் காட்டும். மறைக்காம டாக்டருக்குக் காட்டச் சொல்லுங்க, அவர் பாத்து அளவை மாத்துவார். ஆனா அத வெச்சுக் கட்டி சுருங்குது எண்டு சொல்ல ஏலாது. அது ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும்."

உள்ளே திரும்பிப் போனேன்.

"அக்கா, கையில காட்டுறது மருந்துதானாம். டாக்டருக்குக் கட்டாயம் காட்டணுமாம்."

அக்கா நிமிர்ந்தார். "அப்ப வெறும் தண்ணி இல்லையா? வேலை செய்யிதா?"

"பின்ன? தண்ணிக்குத் தோல் உரியுமா?"

"டினுஷா வேற என்ன சொன்னவ?"

"வேற ஒண்டுமில்ல."

ஒரு செய்தியில் ரெண்டு சொல்லைக் கூட்டிச் சொல்வது எனக்குப் பழக்கம். குறைத்துச் சொன்னது இதுதான் முதல் தடவை. ஸ்கேன் கதையை விழுங்கிவிட்டேன். மேர்லினுக்குக்கூடச் சொல்லவில்லை.

வியாழன் காலை பஸ் வந்தது. கம்பியைப் பிடிக்க முடியாமல், மழை ஏந்துகிறவர் மாதிரி இரண்டு கைகளையும் விரித்தபடி, அக்கா மிதிபலகையில் ஒரு காலை வைத்தார். "ஏறுங்க, ஏறுங்க" என்று கொண்டக்டர் தகரத்தில் தட்டினார். பேர்னாட் அண்ணன் பின்னால் நின்று, சேற்றில் இறுகிய தோணிக்குக் கொடுப்பது போலத் தோளைக் கொடுத்து, மெல்ல மெல்லத் தள்ளினார்.