கோட்டில் பட்டால் உள்ளே

மார்கழி பதிமூன்று, காலை ஆறே முக்கால். கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடத்தில் பழைய சாம்பார் வாடை அடித்தது.

கடைசிக் கல்யாணம் கார்த்திகையில் நடந்தது. அதன் பிறகு அங்கே யாருக்கும் இலை போடவில்லை. தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். கழுவிய தண்ணீர் மூலையில் சாக்கடைக் கம்பியின் மேல் தேங்கி நின்றது. அதில் கறிவேப்பிலையும் தலைமுடியும் சுருண்டு கிடந்தன.

ப்ரியதர்ஷினி மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மார்கழியில் பெண் பார்க்க மாட்டார்கள். பையன் கோமதிசங்கரின் விடுமுறையோ தை பிறப்பதற்குள் முடிகிறது. அவன் டல்லாஸுக்குத் திரும்ப வேண்டும். இரண்டு வீட்டாரும் போனில் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மண்டபம் அவனுடைய தாய்மாமன் தங்கப்பழத்துடையது. மார்கழி முழுக்கச் சும்மா கிடப்பதால் பந்திக் கூடத்தில் பிக்கிள்பால் என்ற விளையாட்டுக்கு வலை கட்டியிருந்தார். பையன் அமெரிக்காவில் வாரம் தவறாமல் அதை ஆடுகிறவன். பெண் வந்து கற்றுக்கொள்வாள். அவ்வளவுதான். பூ கிடையாது, வெற்றிலை கிடையாது. பெண்ணின் அம்மா வரக் கூடாது. அம்மா வந்தால் அது பெண் பார்ப்பதாகிவிடும்.

அப்பா வரலாம். வண்டி ஓட்ட ஆள் வேண்டும் என்று ஒரு காரணம் இருந்தது. ப்ரியதர்ஷினி தினமும் தன் ஸ்கூட்டரில் அலுவலகம் போய் வருகிறவள்.

வரும் வழியில் அப்பா பொன்னுச்சாமி பைக்கை ஓட்டிக்கொண்டே சொன்னார். “ஒனக்குப் பிடிக்கலன்னா ஒரு வார்த்த சொல்லு. அங்கனயே எந்திச்சி வந்திருவோம். ஒன் சொல்லுதான் கடைசி.”

“நெசமாவாப்பா?”

“நான் என்னைக்கு மாத்திச் சொல்லியிருக்கேன்.”

அது உண்மை. பொன்னுச்சாமி நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லைக்கல்லை ஒரு விரல் நகர்த்தித் தரமாட்டான் என்று பனவடலிசத்திரம் பக்கம் அவரை இன்னும் ஏசுகிறார்கள். ப்ரியதர்ஷினிக்குச் சித்திரையில் முப்பது முடிகிறது. இந்த வீடும் தட்டிப்போனால் அடுத்து யார் வருவார்கள் என்று அம்மா ராத்திரியெல்லாம் கேட்கிறாள். அப்பா மட்டும்தான் அப்படிக் கேட்டதில்லை.

மண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவர் இன்னொன்றும் சொன்னார்.

“காலேஜுல பூப்பந்து ஆடுனதச் சொல்லாண்டாம்.”

“ஏம்ப்பா?”

“சொல்லாண்டாம். அவ்வளவுதான்.”

அவர் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

தங்கப்பழம் கைகழுவும் இடத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வரிசையாகத் தொட்டிகள் இருந்தன. நடுத்தொட்டியில் காறித் துப்பிவிட்டு, வாயில் நுரையோடு திரும்பினார்.

“வாங்க அண்ணாச்சி. இதென்ன தற்செயலா இந்தப் பக்கம்?”

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். நுரை சட்டையில் விழுந்தது. அதை விரலால் வழித்துச் சுவரில் தேய்த்தார்.

கோமதிசங்கரின் அம்மா நிர்மலாதேவியும் தற்செயலாகத்தான் வந்திருந்தாள். பட்டுச் சேலையில் வந்திருந்தாள். வலைக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ப்ரியதர்ஷினியைக் காலில் இருந்து மேலே பார்த்தாள். முகத்துக்கு வந்ததும் நிறுத்தி, மறுபடி காலுக்குப் போனாள்.

“நல்ல வளத்திதான்,” என்றாள், யாரிடமும் இல்லாமல்.

கோமதிசங்கர் அரைக்கால் சட்டையில் இருந்தான். முன்னமே ஆடியிருக்க வேண்டும். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தான். அவன் தன்னிடம் இருந்த மட்டையை அவளிடம் நீட்டினான். டென்னிஸ் மட்டையை விடச் சின்னது, நரம்பு இல்லாதது, மரப்பலகைபோல் தட்டையானது. பிடி ஈரமாக இருந்தது. அவள் வாங்கிக்கொண்டாள். ஈரம் உள்ளங்கையில் ஏறியது.

“இதான் பேடில். இது பந்து. பாத்தீங்களா, சுத்தி ஓட்டை. அதனால ரொம்பத் துள்ளாது. ரொம்ப ஈஸி. எங்க ஆபீஸ்ல எழுபது வயசு ஆளெல்லாம் ஆடுவாங்க.”

“கொசு மட்டையில கரண்டு இல்லாத மாதிரி இருக்குலே,” என்றார் தங்கப்பழம்.

கோடுகளைப் பெயிண்ட்டில் போடுவதாக இருந்தது. பெயிண்டர் வரவில்லை. வாசல் கூட்டும் பெண்ணைக் கொண்டு கோலப்பொடியால் இழுத்துவிட்டிருந்தார்கள். இரண்டு விரல் அகலத்துக்கு நேராக, தடிப்பாக இருந்தது கோடு.

அவன் சொல்லிக் கொடுத்தான். சர்வ் போடும்போது கை இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். குறுக்கே அடிக்க வேண்டும். முதல் இரண்டு பந்தும் தரையில் ஒரு தடவை பட்டுத்தான் எழ வேண்டும். சர்வ் போடுகிறவருக்கு மட்டுமே பாயிண்ட். பதினொன்று எடுத்தால் ஆட்டம், ஆனால் இரண்டு வித்தியாசம் வேண்டும். வலைக்குப் பக்கத்தில் ஏழடிக்கு ஒரு கட்டம். அதற்குப் பெயர் கிச்சன். அதற்குள் நின்று பந்தை அந்தரத்தில் அடிக்கக் கூடாது.

“பொம்பளையக் கிச்சனுக்குள்ள வராதன்னு சொல்லுத வெளையாட்டா,” என்றாள் நிர்மலாதேவி. “அதான் அமெரிக்காவுல எல்லாரும் ஆடுதாளுவ.”

தங்கப்பழம் சிரித்தார். பொன்னுச்சாமியும் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து ப்ரியதர்ஷினி கேட்டதில்லை. ஒரு நொடி பிந்தி, மற்றவர்கள் நிறுத்தும்வரை.

“கோட்டுல பட்டா உள்ள,” என்றான் கோமதிசங்கர். “அம்பயர் கிடையாது. என் பக்கம் விழுந்தா நான் சொல்லணும், உங்க பக்கம் விழுந்தா நீங்க சொல்லணும். சந்தேகமா இருந்தா எதிராளிக்குக் குடுத்திரணும். நம்பிக்கையில ஆடுற கேம் இது. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே அதுதான்.”

அவளுக்கும் அது பிடித்திருந்தது. அதை மறைக்காமல் தலையாட்டினாள்.

பிடியைச் சரிசெய்ய அவள் மணிக்கட்டைப் பிடித்தான். சரியான பிடிதான் பிடித்திருந்தாள். அவன் அதை மாற்றினான். விலகியதும் அவள் பழையபடி பிடித்துக்கொண்டாள். அவன் கவனிக்கவில்லை.

முதல் ஆட்டத்தில் அவள் பந்தின் எடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூப்பந்து கம்பளி நூலால் ஆனது, அடித்தால் பறக்கும். இது அடித்தால் சிறிது தூரத்தில் செத்து விழுந்தது. அவள் அடித்த ஒரு பந்து கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளிப் போனது.

“உள்ள,” என்றான் அவன்.

“வெளியதான போச்சு.”

“பரவால்ல. புதுசுதானே.”

நிர்மலாதேவி கைதட்டினாள். ப்ரியதர்ஷினிக்குத் தன் எச்சிலே கசந்தது. அடுத்ததும் வெளியே போனது. அதையும் உள்ளே என்றான். சொல்லும்போது தன் அம்மாவைப் பார்த்தான்.

அந்த ஆட்டத்தை அவன் பதினொன்றுக்கு மூன்று என்று எடுத்தான். அந்த மூன்றில் இரண்டு அவன் கொடுத்தது.

“ஏலே சங்கரு, புள்ளைய ரொம்ப ஓடவிடாத,” என்றார் தங்கப்பழம். வாழைப்பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தார். தோலைச் சாக்கடைக் கம்பியின் மேல் போட்டார்.

இரண்டாவது ஆட்டத்தில் அவள் மணிக்கட்டைப் பயன்படுத்தினாள். பந்து அவனுடைய இடது பக்கம் போயிற்று. மறுபடி இடது பக்கம். அவனுக்கு அந்தப் பக்கம் கை வரவில்லை. மூன்றாவது தடவை வலைக்கு அந்தண்டை மெல்லப் போட்டாள். அவன் முன்னால் ஓடி வந்து வழுக்கி, முழங்கால் தரையில் பட விழுந்தான். எழுந்து பனியனைத் தூக்கி முகம் துடைத்தான். வாயையும் அதிலேயே துடைத்தான்.

“நல்லா பிக்கப் பண்றீங்க,” என்றான். சிரிப்பு பாதியில் நின்றது.

 அவனுக்கு மூச்சு வாங்குவது கூடம் முழுக்கக் கேட்டது. சர்வ் போடும் முன் ஒவ்வொரு தடவையும் மூக்கை உறிஞ்சினான். பந்தைப் பனியனில் தேய்த்தான். அவள் பந்தை எடுக்கும்போது இரண்டு விரலால் எடுத்தாள்.

நிர்மலாதேவி நாற்காலியை முன்னால் இழுத்தாள். கைதட்டல் நின்றிருந்தது.

“வேர்த்துக் கொட்டுது புள்ளைக்கு,” என்றாள். “போதும்னா போதும்னு சொல்லும்மா. யாரும் ஒன்னும் சொல்லப்போறதில்ல.”

“பரவாயில்ல ஆன்ட்டி.”

ஒன்பதுக்கு ஒன்பது. பிறகு அவளுக்குப் பத்து. சர்வ் அவளிடம் இருந்தது.

குறுக்கே போட்டாள். அவன் திருப்பினான். அவள் அவன் வலது பக்கம் அடித்து அவனை அங்கே இழுத்தாள். வந்த பந்தை இடது மூலைக்கு அடித்தாள்.

பந்து பின்கோட்டின் மேல் விழுந்தது. கோலப்பொடி புகையாக எழுந்தது. பந்து சுவரில் முட்டி உருண்டு வந்தபோது அதன் ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தது. கோட்டில் ரூபாய்க் காசு அளவுக்குப் பொடி விலகி, கறுப்புத் தரை தெரிந்தது.

“அவுட்,” என்றான் கோமதிசங்கர்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் பந்தை எடுக்கக் குனிந்தான். எடுத்துப் பனியனில் தேய்த்தான். பொடி பனியனுக்குப் போயிற்று.

“கோட்டுல பட்டிச்சு,” என்றாள் அவள்.

“இல்ல. நான் பக்கத்துல நின்னேன்ல. நல்லாப் பாத்தேன்.”

“அடையாளம் இருக்கு.”

“அது முன்னாடியே இருந்தது.”

 தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பொன்னுச்சாமியின் நாற்காலி அந்த மூலைக்குப் பின்னால்தான் இருந்தது. கோட்டுக்கும் அவருக்கும் இடையில் ஒன்றுமில்லை.

“மாமா, நீங்களே சொல்லுங்க,” என்றான் கோமதிசங்கர்.

அதுவரை அவன் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டிருந்தான். நிர்மலாதேவி பொன்னுச்சாமியைப் பார்த்தாள். தங்கப்பழம் அடுத்த வாழைப்பழத்தை மெல்வதை நிறுத்தினார்.

ப்ரியதர்ஷினி மட்டையைத் தாழ்த்திக்கொண்டாள். அவளுக்குக் கவலை இல்லை. சொல்லப்போகிறவர் அப்பா.

பொன்னுச்சாமி எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டருகே வந்தார். குனிந்து பார்த்தார். வேண்டிய நேரத்துக்கு மேலேயே பார்த்தார். நிமிரும்போது அவர் வலது கால் கோட்டின் மேல் போய் நின்றது. கால் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை அசைந்தது. எடுத்தபோது அங்கே காசும் இல்லை, கோடும் இல்லை. வெள்ளையாக ஒரு இழுப்பு மட்டும் இருந்தது.

“வெளியதான் மாப்ள,” என்றார். “நாலு வெரக்கடை இருக்கும்.”

நாலு விரற்கடை. அளந்து சொன்னார்.

“அப்படிப் போடுங்க,” என்றார் தங்கப்பழம். “சர்வேயர் சொன்னா அப்பீல் ஏது.”

சர்வ் அவனிடம் போயிற்று. முதல் பந்துக்கு அவள் ஓடினாள். மற்ற இரண்டுக்கும் ஓடவில்லை. பன்னிரண்டுக்குப் பத்து.

அவன் வலையருகே வந்து கை நீட்டினான். அவள் கொடுத்தாள். அவன் கை சூடாக, வழவழவென்று இருந்தது.

“சூப்பரா ஆடுனீங்க. முதல் நாள்னு யாரும் நம்ப மாட்டாங்க,” என்றான். தாராளமாகச் சிரித்தான். அவன் கண்ணில் ஒன்றுமே இல்லை. வெட்கமோ, ஒளிவோ, ஒன்றுமே. தான் சொன்னதைத் தானே நம்பிவிட்டிருந்தான்.

அவள் கைகழுவப் போனாள். ஓரத்துத் தொட்டியில் தண்ணீர் வரவில்லை. நடுத்தொட்டியில்தான் வந்தது. தங்கப்பழத்தின் பற்பசை நுரை விளிம்பில் காய்ந்திருந்தது. சல்லடையில் சோற்றுப் பருக்கைகள் ஊதிக் கிடந்தன. சோப்புத் துண்டில் யாருடைய முடியோ ஒட்டியிருந்தது. அவள் சோப்பு இல்லாமல் கழுவினாள். மறுபடி கழுவினாள். கைக்குள் அந்த ஈரம் இருந்துகொண்டே இருந்தது.

பின்னால் நிர்மலாதேவியின் குரல் கேட்டது. மெதுவாகப் பேசுவதாக நினைத்துப் பேசினாள்.

“மொதல்ல கொஞ்சம் யோசனையாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி. எதுத்து நின்னுருவாளோன்னு. ஆனா நீங்க ஒரு வார்த்த சொன்னதும் அடங்கிட்டா பாருங்க. விட்டுக் குடுத்துப் போற புள்ள. அதான் எங்களுக்கு வேணும்.”

“அவ எப்பவும் அப்படித்தான்மா. எம்பேச்சத் தட்ட மாட்டா.”

“ஏ, மார்கழி, மார்கழி,” என்றார் தங்கப்பழம். “ஒன்னும் பேசாதிய. தை பொறந்ததும் பூ வைக்க வாரோம். அம்புட்டுத்தான். நான் ஒன்னும் சொல்லல, நீங்க ஒன்னும் கேக்கல.”

எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை அப்பா பிந்தவில்லை.

வண்டியில் ஏறும்போது கோமதிசங்கர் வாசல்வரை வந்தான். வீட்டில் வைத்துப் பழகட்டும் என்று அந்த மட்டையை ஒரு பையில் போட்டுக் கொடுத்தான். பொன்னுச்சாமி அவள் முந்திக்கொள்வதற்குள் வாங்கிக்கொண்டார்.

 ரத வீதி தாண்டியதும் அவர் நிறுத்தாமல் பேசினார்.

“பையன் குணம் பாத்தியா. அவங்கம்மா முன்னால ஆடுதான், கோவமே வரல. அங்கன சொந்தமா வீடு. குடிக்கதில்லையாம். நாலு பேர்ட்ட விசாரிச்சாச்சு.”

அவள் உள்ளங்கையை உடையில் துடைத்தாள்.

“அம்மாட்ட இப்பம் ஒன்னும் சொல்லாண்டாம். நானே பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்.”

பூ மார்க்கெட் பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு மினி லாரி குறுக்கே நின்றது. பொன்னுச்சாமி பிரேக்கை மிதித்தார். வலது காலை ஊன்றினார். செருப்புக்கு மேல் பெருவிரலும் அதன் அடியும் வெள்ளையாக இருந்தன. நகத்துக்குள்ளும் பொடி போயிருந்தது.

ப்ரியதர்ஷினி அதைப் பார்த்தாள்.  

“ஆனா ஒன்னு மக்கா,” என்றார் அப்பா, திரும்பாமல். “நான் சொன்னது சொன்னதுதான். ஒன் சொல்லுதான் கடைசி. பிடிக்கலன்னா இப்பமே சொல்லு.”

லாரி நகர்ந்தது. பின்னால் நின்ற ஆட்டோ ஹாரன் அடித்தது. அவர் காலை எடுக்கவில்லை.

“பந்து எங்கன விழுந்துச்சுப்பா?”