அக்காவின் அந்தமான்

மேரிசெல்வி அந்தமான் போகிறாளாம். சும்மா போய்ச் சுற்றிவிட்டு வருவதல்ல. ஏழு நாள், நாலு தீவு, கடலைப் பார்த்த வில்லா, வாசலிலேயே தனி நீச்சல் குளம். இத்தனையையும் விசாரித்துத் திட்டம் போட்டுத் தர வேண்டியவள் தங்கை ரோஸ்லின். அவள்தானே கீழ்புத்துப்பட்டு ரிசார்ட் ஒன்றில் பதினோரு வருஷமாக ரிசப்ஷனில் நின்று, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வெல்கம் டிரிங்க் நீட்டுகிறாள். அவளுக்குத் தெரியாத வில்லாவா என்று அக்கா கேட்டுவிட்டாள்.

ரோஸ்லினுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அக்கா தங்கை இரண்டு பேருக்கும் ஒரே பூசையில், ஒரே பீடத்துக்கு முன்னால் கல்யாணம். இரண்டு செலவு வேண்டாமென்று அப்பா அந்தோணிசாமி ஒன்றாக முடித்துவிட்டார். ரோஸ்லினுக்கு வாய்த்த மார்ட்டினுக்குப் பாண்டிச்சேரி கம்பெனியில் மாசச் சம்பளம். அக்காவுக்கு வாய்த்த சேவியர்ராஜ் மரக்காணத்தில் அடுத்தவர் உப்பளத்தில் மேஸ்திரி. அன்றைக்குப் பந்தியில் பெண்கள் அக்காவைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். உள்ளதைச் சொன்னால், அதைக் கேட்டு ரோஸ்லின் கொஞ்சம் சந்தோஷப்பட்டாள்.

இப்போது சேவியர்ராஜுக்குக் குத்தகையில் நாற்பது ஏக்கர் உப்பளம், இரண்டு லாரி, மாடிக்கு லிஃப்ட் வைத்த வீடு. மார்ட்டின் அதே கம்பெனியில், அதே ஸ்டோர் ரூமில், அதே நாற்காலியில். மே மாசம் இரண்டு ஜோடிக்கும் சேர்த்து வெள்ளிவிழாப் பூசை நடந்தது. முடிந்ததும் சேவியர்ராஜ் அத்தனை பேருக்கும் முன்னால் அந்தமான் என்று அறிவித்தார். மார்ட்டின் மிக்ஸி வாங்கித் தந்திருந்தான். அதுவும் பழைய மிக்ஸியைக் கொடுத்து மாற்றியது.

எப்போது போவது என்ற கேள்வியே அந்த வீட்டில் எழவில்லை. தையில் சேறு மிதித்து உப்புப் பாத்தி கட்ட ஆரம்பித்தால், ஐப்பசி மழையில் பாத்தி மூழ்கும்வரை உப்பளக்காரன் ஊரைவிட்டு நகர முடியாது. மழை விழுந்தால்தான் அவனுக்கு லீவு. பெண் பார்க்கப் போவது, வேளாங்கண்ணி போவது, மூலத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்வது எல்லாமே அவர்களுக்கு நவம்பரில்தான். அதனால் சேவியர்ராஜ் யோசிக்காமல் நவம்பர் என்று சொன்னார். உலகத்துக்கே அதுதான் லீவு மாசம் என்பது அவர் எண்ணம்.

ரோஸ்லின் இரண்டு வாரம் உட்கார்ந்து திட்டம் போட்டாள். போர்ட் பிளேரில் ஒரு ராத்திரி, ஹேவ்லாக்கில் மூன்று, நீல் தீவில் இரண்டு. நாலாவதாக மனிதரே இல்லாத ஒரு குட்டித் தீவுக்குத் தனிப் படகில் பகல் பயணம். அக்காவுக்கு முட்டிவலி, ஆகவே படி ஏறாத வில்லா. சர்க்கரை, ஆகவே காலைச் சாப்பாடு தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். எந்த வராந்தாவில் உட்கார்ந்தால் சூரியன் மறைவது தெரியும் என்பதைக்கூட எழுதினாள். எழுதும்போது அந்த வராந்தாவில் அவளே உட்கார்ந்திருந்தாள், காலை நீட்டிக்கொண்டு, கையில் இளநீரோடு. நிமிர்ந்து பார்த்தால் எதிரே மார்ட்டின் பனியனோடு டிவி பார்த்துக்கொண்டிருப்பான். பாவி மனுஷன், அவன் என்ன செய்வான்.

ஆகஸ்ட் கடைசியில் ஹேவ்லாக் ரிசார்ட்டுக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் நல்லவேளையாகத் தமிழ் பேசினாள். நவம்பரில் காற்றும் மழையும் அடிக்கும், தீவுக்குத் தீவு போகிற கப்பலைச் சில நாள் நிறுத்திவிடுவார்கள், மாட்டிக்கொண்டால் அறைக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான், பணமும் திரும்பாது, ஜனவரியில் கூட்டி வாருங்கள் மேடம் என்று அக்கறையாகச் சொன்னாள். ரோஸ்லின் நன்றி சொல்லிப் போனை வைத்தாள்.

அக்காவுக்கு ஒரு மெசேஜ் போட ஒரு நிமிஷம் ஆகுமா? அவள் போடவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று முதல் நாள் நினைத்தாள். கடற்கரைக்காரருக்குக் கடல் தெரியாதா என்று மறுநாள் நினைத்தாள். மூன்றாம் நாள், நீச்சல் குளத்தில் மழை கொட்டுவதை அக்கா ஜன்னல் வழியாக வெறித்துப் பார்ப்பதும், மாமா ரிசப்ஷனில் நின்று கத்துவதும் கண்ணில் தெரிந்தன. எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா! அதன்பிறகு சொல்ல மனம் வரவில்லை.

செப்டம்பரில் அக்கா இரண்டு தடவை போன் செய்து, வேறு ஏதாவது விசாரிக்க வேண்டுமா என்று கேட்டாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று ரோஸ்லின் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன்டி, அந்த மாசம் அங்க எப்படி இருக்கும்?”

“சூப்பரா இருக்கும்க்கா. கூட்டமே இருக்காது.”

கோயில் வாசலில் நின்று சொன்ன பொய். அக்கா சரியென்று தலையாட்டிவிட்டுக் காரில் ஏறிப் போனாள்.

அக்டோபரில், முன்பணம் கட்ட வேண்டிய நாளன்று ரோஸ்லின் ஃபைலோடு அக்கா வீட்டுக்குப் போனாள். சேவியர்ராஜ் உப்பளத்துக்குப் போயிருந்தார். அக்கா காபி கொடுத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். முட்டிவலி வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறாயே என்றாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

“பிளான் அப்படியே இருக்கட்டும். தேதிய மட்டும் ஜனவரி இருபதுன்னு போட்டுக் குடு. பாத்தி கட்டறத நம்ம மேஸ்திரி தேசப்பன் அண்ணன் பாத்துக்கறேன்னு சொல்லிட்டார்.”

ஏன் என்று ரோஸ்லின் கேட்டாள். கேட்டே இருக்கக் கூடாது.

“உங்க மாமா அந்த ஹேவ்லாக் ரிசார்ட்டுக்குப் போன மாசமே போன் போட்டார்டி, கட்டில் பெருசா இருக்குமான்னு கேக்க. நவம்பர்ன்னதும் அந்தப் பொண்ணு, உங்க வீட்டு மேடம் கிட்ட வேணாம்னு அப்பவே சொன்னனே சார்னுச்சாம்.” அக்கா குரலை உயர்த்தவில்லை. “அதுக்கப்புறம்தான் உன்ன மூணு தடவ கேட்டேன்.”

ரோஸ்லின் ஃபைலை மூடினாள். மாமாவுக்கு இனி எந்த முகத்தோடு சாப்பாடு பரிமாறுவது என்பதுதான் மனதில் முதலில் ஓடியது. அதையும் அக்கா படித்துவிட்டாள்.

“அவருக்குத் தெரியாது. நீ அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்ட, நான்தான் மறந்துட்டேன்னு சொன்னேன். மூள இருக்குதான்னு ஒரு நாள் பூரா திட்டினார்.”

அழுதிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். ரோஸ்லின் போனை எடுத்து, ஹேவ்லாக் பெண்ணைக் கூப்பிட்டு, ஜனவரி இருபது, இரண்டு பேர் என்று தெளிவாகச் சொன்னாள். அருமையான மாசம் மேடம், கடல் கண்ணாடி மாதிரி இருக்கும் என்றாள் அந்தப் பெண். அக்கா எதிரே உட்கார்ந்து பொறுமையாகக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். தங்கைக்காக வாங்கிய திட்டைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. லிஃப்ட்டும் லாரியும் இவளுக்குக் கிடைத்தது போதாதா, இப்படி ஒரு மனசும் இவளுக்கேவா கிடைக்க வேண்டும் என்று ரோஸ்லினுக்கு முன்னைவிட அதிகமாக எரிந்தது.