முன்னால் நடந்தவள்

வீரமுத்து ஐயாவுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. பங்குனியில் அவர் மனைவி இருசம்மாளுக்கு முதல் வருஷத் திதி. படையலுக்கு முன்னால் வைக்க அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை.

கல்யாணப் படத்தைக் கரையான் தின்றுவிட்டது. பிள்ளைகள் இல்லை. உறவினர் கல்யாணங்களில் எல்லாம் அவள் அடுப்படியிலேயே இருந்திருக்கிறாள். மிஞ்சியது அடையாள அட்டையில் இருந்த படம் மட்டும்தான். இறப்பைப் பதிய வருகிறவர்கள் இறந்தவரின் ஐசியை ஒப்படைத்துவிட வேண்டும். கேட்டார்கள், கொடுத்துவிட்டார்.

"அழுக்கா குடுக்கக்கூடாதுன்னு துண்டுல நல்லா தொடச்சுக் குடுத்தேம்மா. பக்கத்துக் கடையிலயே போட்டோஸ்டெட் மெஷின் இருந்துச்சு. பஸ்ல ஏறி உக்காந்த பிறகுதான் அது புத்தியில பட்டுச்சு. இறங்கி ஓடுனேன். அதுக்குள்ள கார்ட வெட்டிட்டாங்க."

அடுத்த இரண்டு மாதத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது.

நான் உயிரியல் படித்துவிட்டு ஆசிரியர் வேலைக்குக் காத்திருந்தேன். ஜாசினில் பக்கவாதம் வந்தவர்களுக்கான பயிற்சி நிலையத்தில் தற்காலிகமாக ஒரு வேலை கிடைத்தது. வியாழக்கிழமைகளில் மலாக்காவிலிருந்து திருமதி சியூ வருவார். வாயால் சொல்ல முடியாததை வண்ணத்தால் சொல்லவைப்பது அவர் வெளிநாட்டில் படித்துவந்த படிப்பு. தாள் விரிப்பது, தண்ணீர் நிரப்புவது, அவர்கள் பேசுவதை மொழிபெயர்ப்பது என் வேலைகள். முதல் இரண்டும் எனக்குப் பிடித்திருந்தன.

திருமதி சியூ எனக்கு இரண்டு விதிகள் சொல்லியிருந்தார். யாருடைய படத்தையும் அழகு என்று சொல்லக்கூடாது. அவர்கள் படத்தை நீ வரையக்கூடாது.

வீரமுத்து ஐயா பெம்பானிலிருந்து பஸ் ஏறி வருவார். இடது கையில் கிரேயானைப் பிடித்து ஒரு வட்டம் போடுவார். உள்ளே இரண்டு புள்ளிகள் வைப்பார். அதோடு கை நின்றுவிடும். வாராவாரம் அதே வட்டம்தான்.

"என்ன லா அண்ணே, இன்னிக்கும் தோசையா?" என்பார் எதிரில் உட்கார்ந்திருக்கும் பெரியநாயகி அக்கா. ஜாசின் பசாரில் காய்கறி விற்றவர். அவருக்கு இடது பக்கம் விழுந்திருந்தது. நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

"நீ போட்டியே ஒரு மயிலு, அதுக்கு என் தோச தேவல."

"அது மயிலு இல்ல. பூசணிக்கா."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். பிறகு அவர் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"கண்ண மூடுனா வருதும்மா. தாள்ல கைய வெச்சா ஓடிப்போயிருது."

முகம்தான் வேண்டுமா, அவளைப் பற்றி வேறு எதையாவது வரையலாமே என்று திருமதி சியூ கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"முகம்தாம்மா வேணும். பொட்டு வைக்கணும்ல. பொட்டோட போனவ."

திதிக்கு ஐந்து வாரங்கள் இருந்தன. அந்த வியாழன் திருமதி சியூ வரவில்லை. நான் நாற்காலியை இழுத்துப்போட்டு ஐயா பக்கத்தில் உட்கார்ந்தேன். முகம் நீளமா, உருண்டையா? மூக்கு? புருவம்? அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். தலையின் உயரத்தில் சரிபாதியில் கண்கள் வரும், இரண்டு கண்களுக்கும் இடையில் ஒரு கண்ணின் அகலம் இருக்கும் என்று நான் படித்திருந்தேன். வீட்டில் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து பென்சிலால் வரைந்தேன்.

அடுத்த வியாழன் காலையில், திருமதி சியூ வருவதற்கு முன்பே, ஐயாவிடம் படத்தைக் கொடுத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"லட்சணமா இருக்கும்மா," என்றார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த வாரம் முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

மறுவாரம் அவர் கிரேயானை எடுக்கவில்லை. என் படத்தைப் பையிலிருந்து எடுத்து, நீவி, மேசைமேல் வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இது அவ இல்ல. அது பரவால்ல. ஆனா இப்பக் கண்ண மூடுனா இந்தப் பொண்ணுதான் வருது. அவ வரமாட்டேங்குறா."



நான் அவர் சொன்னதைத் திருமதி சியூவிடம் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அதைச் சொல்ல எனக்கு நெடுநேரம் ஆனது. அவர் திட்டவில்லை. வேண்டுமானால் அதை ஐயாவே கிழித்துப்போடட்டும் என்றார்.

"ஐயோ, கஷ்டப்பட்டு போட்டது," என்று ஐயா மறுத்துவிட்டார்.

பின்கட்டுக்குப் போய் நானே கிழித்தேன். கிழித்ததால் எதுவும் திரும்பி வராது என்று தெரிந்தே கிழித்தேன்.

அதற்கடுத்த வாரம் ஐயா வரவில்லை. பெம்பான் பஸ் வரும் நேரமெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி வந்தபோது திதிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. யாரும் சொல்லாமல் நானாக ஒரு கேள்வி கேட்டேன்.

"ஐயா, அம்மாவ நீங்க அதிகமா எங்க வெச்சுப் பாத்தீங்க?"

"எங்கன்னா... பால்காட்டுலதாம்மா, ரப்பர் மரம் சீவப் போறப்ப. அஞ்சு மணிக்கெல்லாம் கெளம்பிருவோம். இருட்டா இருக்கும். வீட்டுல ஒரே வெளக்குதான். அத அவ நெத்தியில கட்டிக்குவா. முன்னால நடப்பா. நான் பின்னால."

சொல்லிவிட்டுத் தன் இடது கையைப் பார்த்தார். பிறகு கறுப்புக் கிரேயானை எடுத்தார்.

கோடுகள் நடுங்கின. முதலில் கொண்டை வந்தது. அதன் குறுக்கே விளக்கு கட்டிய பட்டை. நீளக்கைச் சட்டை, ஒரு பக்கம் சரிந்த தோள், இரண்டு பக்கமும் வாளிகள். இரண்டு ஓரங்களிலும் மரங்கள். கடைசியாக மஞ்சளை எடுத்து அவளுக்கு முன்னால் இருந்த இடத்தையெல்லாம் தேய்த்தார். கிரேயான் உடைந்தது. உடைந்த துண்டால் தேய்த்தார். ஒன்றரை மணி நேரம் தலை நிமிரவில்லை. தாளில் இரண்டு மூன்று இடங்களில் ஈரம் பட்டது. மெழுகுமேல் அது உருண்டு நின்றது.

"முப்பத்தோரு வருஷம்," என்றார். "பின்னாலேயே போயிருக்கேன். இருசு, கொஞ்சம் திரும்பும்மான்னு ஒருநாள் சொன்னதில்ல."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. திருமதி சியூவும் கேட்கவில்லை.

"அண்ணே," என்றார் பெரியநாயகி அக்கா, குரலை இறக்கி. "அண்ணி கொண்ட நல்லாருக்கு." பிறகு என்னைப் பார்த்து, "நான் படத்த சொல்லல. கொண்டையத்தான் சொன்னேன்" என்றார்.

திதிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். பெம்பானில் தம்பி வீட்டோடு இருந்தார். கூடத்தில் இலை போட்டுப் படையல் வைத்திருந்தார்கள். சுவர் ஓரம் ஸ்டூலில், கண்ணாடிச் சட்டம் போட்டு, மாலையோடு அந்தப் படம் இருந்தது.

தம்பி மனைவி மங்களம் என்னை ஓரமாக இழுத்தார். "நீதானே சொல்லிக் குடுக்குற புள்ள? முதுக வெச்சு யாரு லா கும்புடுவாங்க? சாமிகூடக் கோவிச்சுக்கும். எங்க பொட்டு வைக்கறதாம்?"

 நான் வரைந்த முகத்துக்கு எப்படி ஈடுகட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை. வீரமுத்து ஐயா பக்கத்தில் போய் நின்றேன்.

"ஐயா, இப்பவும் கண்ண மூடுனா நான் வரைஞ்ச முகம்தான் வருதா?"

"வருதும்மா." கொஞ்சம் யோசித்தார். "முந்தி மாதிரி அடிக்கடி இல்ல."

சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் மங்களம் கொண்டுவந்து நீட்டினார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மாலையைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்தார்.

"கொஞ்சம் பிடிங்கம்மா. எனக்கு ஒரு கைதானே."

சட்டத்தை எடுத்துப் பிடித்தேன். அவர் அதைத் திருப்பச் சொன்னார். படம் என் பக்கம் வந்தது. பின்பக்கத்தின் பழுப்பு அட்டை அவர் பக்கம் போனது. எனக்கு முன்னால் அவள் முதுகு காட்டி, விளக்குப் பட்டையோடு நின்றிருந்தாள். அவர் அவளுக்கு எதிரில் நின்றிருந்தார்.

இடது கையின் மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டார். அட்டையில் நெற்றியின் உயரம் பார்த்தார். கொஞ்சம் கீழே இறக்கினார். மறுபடி கொஞ்சம் ஏற்றினார். அந்த விரலின் அழுத்தம் சட்டத்தின் வழியாக என் கைக்கு வந்தது. சந்தனத்தின்மேல் குங்குமம் வைத்தார்.

"இருசு," என்றார்.

 கையை எடுக்கவில்லை. அவர் எடுக்கும்வரை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.